முன்கூட்டியே எழுதி வைத்த பாட்டு

தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எவ்வளவு சின்னது என்பது என் தாய்மாமாவால்தான் எனக்குத் தெரியவந்தது. நாலு வரி எழுதலாம். கையெழுத்து கொஞ்சம் பெருத்துவிட்டால் மூன்றரை வரி. மாமா ஒரு தாளுக்கு ஒரு கண்ணி என்று கணக்காக எழுதுவார். பன்னிரண்டு கண்ணி உள்ள பாட்டு என்றால் பன்னிரண்டு தாள். அதற்கு ஒரு ரப்பர் பேண்டு. சட்டைப் பையில் வியர்வையில் ஊறி, அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு அந்தக் கட்டு வந்து சேரும். வரிசை எண் போடுங்கள் மாமா என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். "பாட்டுக்குள்ளயே வரிசை இருக்குல்லா, படிச்சாத் தெரியாதா?" என்பார். மின்விசிறியைப் போட்டால் பாட்டு கடை முழுக்கப் பறக்கும். போடாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். பெரும்பாலும் நான்தான் மூச்சு முட்டிக் கிடந்தேன்.

மாமா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அம்பையிலிருந்து கல்லிடைக்குறிச்சி வழியாக மணிமுத்தாறு போகிற வண்டியில் ரொம்ப வருஷம் இருந்தார். டிக்கெட் கிழித்துக்கொண்டே பாடுவாராம். கூட்டம் இல்லாத நேரத்தில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, சொந்தமாகப் பாட்டுக் கட்டி எழுதுவாராம். அந்தப் பயணிகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். அவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடலாம். ரிட்டயர் ஆன பிறகு அவருடைய பயணிகள் நாங்கள்தான், எங்களுக்கு இறங்குவதற்கு இடமில்லை.

தாய்மாமன் என்று ஒரு முறை இருக்கிறதே, அதுதான் எங்களுக்கு வந்த வினை. காது குத்துவதற்கு மாமன் மடி வேண்டும். சடங்குக்கு மாமன் சீர் வேண்டும். கல்யாணத்தில் மாமன் வந்து மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். என் அம்மாவோடு சேர்த்து மாமாவுக்கு நாலு சகோதரிகள். அந்த நாலு வீட்டு விசேஷத்திலும் மேடையில் முதலில் ஏற அவருக்கு உரிமை உண்டு. ஏறிய மாமனை இறங்கு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஏறினவர் மைக்கைப் பிடித்தால், பொதிகையில் பிறந்த ஆற்றிலிருந்து தொடங்கி, பெண்ணின் குணம், மாப்பிள்ளையின் படிப்பு, இரண்டு வீட்டுப் பெரியவர்களின் பெருமை எல்லாம் பாடி முடித்துத்தான் விடுவார். அங்கே பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருக்கும். அவியல் ஆறும். சின்னப் பிள்ளைகள் அப்பளத்தை எடுத்துக் கடிக்கத் தொடங்கிவிடும். ஒரு தடவை என் கணவர் மைக்செட்காரரிடம் கண்ணைக் காட்டி வயரைப் பிடுங்கச் சொன்னார். மைக் நின்றது, மாமா நிற்கவில்லை. நாற்பது வருஷம் பஸ்ஸில் கத்திய தொண்டை அது, மைக் இல்லாமல் இன்னும் கணீரென்று கேட்டது.

இதற்கெல்லாம் அச்சடித்த வாழ்த்துமடல் வேறு வேண்டும். நான் கம்ப்யூட்டரில் அடிப்பேன், அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் பாடிப் பார்ப்பார். கவுண்டரில் ஆதார் அட்டை நகல் எடுக்க வந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முறைப்பார்கள். "ஏளா, 'குலவிளக்கு'க்கு அப்புறம் ஒரு இழுப்பு இருக்கு, அத எப்படிக் காட்டுவே?" என்று கேட்பார். இழுப்புக்கெல்லாம் பொத்தான் கிடையாது மாமா என்பேன். "அப்பொ என்னத்துக்கு இந்தப் பெட்டி?" என்று கம்ப்யூட்டரைத் திட்டுவார். எல்லாம் முடிந்து பிரிண்ட் எடுத்த பிறகு, பஸ் ஸ்டாண்டு வரை போனவர் திரும்பி வந்து மூன்றாவது கண்ணியில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்பார். அவரைக் கண்டாலே ஷட்டரை இறக்கிவிடலாமா என்று நினைத்த நாட்கள் உண்டு. சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே இரண்டு தடவை இறக்கியிருக்கிறேன்.

இது போதாதென்று ஒரு நாள் வேறு மாதிரியான கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அடிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. உயிரோடு, நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் என் பெரியம்மாவுக்கு இரங்கற்பா எழுதியிருந்தார். என்ன மாமா அக்கிரமம் இது என்று கத்தினேன். அவர் அசையவில்லை. "பதினாறாம் நாள் கார்டுக்கு எல்லாருந்தான் பாட்டு கேக்கானுவ. வீட்டுல பொணம் கெடக்கும்போது நான் எழுதுவேனா, நீ கம்ப்யூட்டரு தட்டுவியா? இப்பமே எழுதி வச்சிட்டா அன்னைக்கு நிம்மதியா அழலாம்லா" என்றார். அப்படியே எழுபது தாண்டிய சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று எழுதினார். விஷயம் சேகரிப்பதற்காக வீடு வீடாகப் போவார். எந்த வருஷம் கல்யாணம், அணைக்கட்டு வேலைக்கு எத்தனை வயதில் போனீர்கள் என்று பையக் கேட்பார். நாளாவட்டத்தில் அவர் வந்து உட்கார்ந்து நலம் விசாரித்தாலே கிழவர்கள் எழுந்து கொல்லைப்பக்கம் நழுவ ஆரம்பித்தார்கள். நானும் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் அடித்துக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

என் மாமனாருக்கு எண்பதாம் கல்யாணம் வந்தது. மாமனார் வயலும் வரப்புமாக இருந்தவர், வாய்திறந்து பேசாத மனிதர். அவருக்கும் மாமாவுக்கும் நல்ல பழக்கம். மாமா அவரை அண்ணாச்சி என்பார், அவர் மாமாவை ஓய் என்பார். விசேஷத்தன்று காலையில் கரண்ட் இல்லை. மண்டபத்துக்குப் போகிற அவசரத்தில் பட்டுப்புடவையோடு கடையில் நின்றேன். கரண்ட் வந்ததும், மாமாவின் கண்ணுக்குத் தோதாகப் பெரிய எழுத்தில் பாட்டைப் பிரிண்ட் எடுத்து அவர் கையில் திணித்தேன். மாமனார் பெயரில் இரண்டு ஃபைல் இருந்தன. ஒன்று எண்பதாம் கல்யாண வாழ்த்து, இன்னொன்று மற்றது. நான் எடுத்தது மற்றது. மேலோட்டமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் மாமாவின் எல்லாப் பாட்டுக்கும் முதல் கண்ணி ஒன்றேதான். கல்யாணமானாலும் கருமாதியானாலும் ஆற்றைக் கும்பிட்டுத்தான் தொடங்குவார்.

பொதிகையிலே பிறந்துவரும் பொருநை நதித் தாயே
போகுமிடம் பச்சைசெய்யும் பூமகளும் நீயே

என்று மாமா எடுத்தபோது நான் மேடைக்குக் கீழே பலகாரத் தட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரையும் போல நானும் கேட்கவில்லை. அவர் பாடினால் கேட்காமல் இருப்பதற்கு எங்கள் குடும்பமே பழகியிருந்தது.

வயல்வரப்பே நீயறிவாய் அவர்நடந்த பாதம்
வாய்மடையே நீயறிவாய் அவர்தடுத்த சேதம்

என்று போனது. அடுத்த இரண்டு கண்ணியில் ஒரு பழைய கதை வந்தது. மழை பொய்த்த ஒரு வருஷத்தில் கால்வாய்த் தண்ணீரை முறை வைத்து விட்டார்களாம். மாமனார் தன் முறைத் தண்ணீரைப் பக்கத்து வயல்காரருக்குத் திருப்பிவிட்டு, தன் நெல்லைக் காயவிட்டாராம். அந்த வயல்காரர் வீட்டில் அப்போது பேறுகாலம். இதை அவர் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. மடையில் நின்றவர் சொல்லி மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்தாவது கண்ணியில்தான் இடி விழுந்தது.

இருந்தஇடம் வெறிச்சோடி இருக்குதே அண்ணாச்சி
எழுந்துவந்து ஒருவார்த்தை இயம்பிடுவீர் அண்ணாச்சி

மாலையும் கழுத்துமாக அண்ணாச்சி எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். என் மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கூப்பாடு போட்டார். என் கணவர் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். மாமனார் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மங்கல நாளில் பெரியவரை அழவைத்துவிட்டானே பாவி என்று ஆளாளுக்கு மாமாவை ஏசினார்கள். மாமா அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தாளை மாற்றிக் கொடுத்தது நான்தான் என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். ஆனால் மாமனாருக்கு இரங்கற்பா அடித்து வைத்திருந்த மருமகள் என்று என்னைச் சொல்வார்களே என்று பயந்தேன். சொல்லத்தான் செய்வார்கள், எங்கள் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதா? அன்று சாயங்காலமே பேசி முடிவெடுத்தார்கள். இனி எந்த விசேஷத்திலும் அந்தக் கிறுக்கன் கையில் மைக் போகக் கூடாது. எல்லாரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். எத்தனையோ வருஷமாக ஒரு சாக்குக்குக் காத்துக்கொண்டிருந்தவர்கள் போல இருந்தது. எனக்கும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. கடையில் மின்விசிறி தாராளமாகச் சுற்றியது.

பதினான்கு மாதம் கழித்து மாமனார் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். எண்பத்தொன்று வயது, நோய்நொடி இல்லாத சாவு. ஆனாலும் ஊர் வாய் சும்மா இருக்குமா? பாடியே அனுப்பிவிட்டான் என்றார்கள். மாமா வந்தார். பந்தல் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். யாரும் அவரோடு பேசவில்லை. நான் போய்க் காப்பி கொடுத்தேன். பதினாறாம் நாள் கார்டுக்கு யாரோ எழுதிய ஏதோ நாலு வரியைப் போட்டோம். அதில் வயலும் இல்லை, மடையும் இல்லை. எந்த மனிதருக்கு வேண்டுமானாலும் அது பொருந்தும்.

அதற்குப் பிறகு என்னால் தாங்க முடியவில்லை. ரேஷன் கார்டு நகல் எடுக்க மாமா கடைக்கு வந்த ஒரு மத்தியானம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவரை உட்கார வைத்தேன்.

"மாமா, அன்னைக்குத் தாளை மாத்திக் குடுத்தது நான்தான்."

"தெரியும்ளா."

"எப்பத் தெரியும்?"

"ரெண்டாங் கண்ணி எடுக்கும்போதே தெரிஞ்சிட்டு. எழுதுனவனுக்குத் தெரியாதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெரிந்தால் நிறுத்த வேண்டியதுதானே என்று கத்தினேன். மாமா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"நிறுத்தத்தான் பார்த்தேன். அண்ணாச்சி மொகத்தப் பார்த்தேன். அந்தத் தண்ணி விட்ட கத வந்ததும் மனுசன் தலய நிமித்துனாரு பாரு. எம்பது வருசத்துல ஒருத்தன் அவருகிட்ட நீரு நல்லவருவேன்னு சொல்லிருப்பானா? நான் எழுதி வச்சிருக்கேன், எதுக்கு? அவரு காது கேக்காமக் கெடக்க அன்னைக்குப் பாடுததுக்கு. அது எம்புட்டுக் கிறுக்குத்தனம்னு அங்கன நிக்கும்போதுதான் எனக்கு ஒறச்சிது. சரி, பாடிருவோம்னு பாடிட்டேன்."

"எழுந்துவந்து ஒரு வார்த்தை இயம்பிடுவீர்னு பாடுனியளே, அந்தக் கண்ணியயாவது விட்டுருக்கலாம்லா?"

"அதுலதான்ளா இழுப்பு நல்லா வரும்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடித்தும் கொண்டேன். அதோடு மாமா விடவில்லை, இன்னொன்றும் சொன்னார். எண்பதாம் கல்யாணம் முடிந்த மறு வாரமே மாமனார் மாமா வீட்டுக்குப் போயிருக்கிறார். கதவைச் சாத்திவிட்டு, "மீதி ஏழையும் பாடும்வே" என்றிருக்கிறார். ஏழு கண்ணியையும் கேட்டு, காப்பி குடித்து, ஒன்பதாம் கண்ணியில் ஒரு திருத்தமும் சொல்லியிருக்கிறார். அது மேல வயல் இல்லை, தெற்கு வயல் என்று. தன் இரங்கற்பாவைத் தானே திருத்திக் கொடுத்துவிட்டுப் போன மனிதரைப் பற்றி இதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை.

இதை வெளியே சொல்லியிருந்தால் உங்களை யாரும் ஒதுக்கியிருக்க மாட்டார்களே மாமா என்றேன். "சொன்னா தாளு எப்படி மாறிச்சின்னு கேப்பான்லா. ஒம் பேரு வரும். நீ அந்த வீட்டுல இருக்கணும்லா" என்றார். பிறகு ரேஷன் கார்டு நகலைத் தூக்கிப் பார்த்து, ஓரம் கறுப்பாக விழுந்திருக்கிறது, இன்னொன்று எடு என்றார்.

இந்த இடத்தில் நான் அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் அழவில்லை. வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினேன். பதினான்கு மாதமாக இதை நான் மனசுக்குள் போட்டு அமுக்கிக்கொண்டு கிடந்திருக்கிறேன், இவர் எல்லாம் தெரிந்துகொண்டு காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். என்ன மனுஷன் இவர்! அவர் பாட்டுக்குக் கேட்டுவிட்டு, நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மணிமுத்தாறு வண்டிக்குப் போய்விட்டார்.

அன்றே வீட்டுக்குப் போய் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் என்னைப் பிடித்து ஏசினார், அது நியாயம்தான். ஏசி முடித்தவர் போய் அப்பா படத்துக்கு முன்னால் நின்றார். "அப்பா அழுதத நான் வேற மாதிரில்லா நெனச்சேன்" என்றார். விசேஷம் முடிந்த மறு வாரம் அப்பா எங்கோ போய்விட்டுச் சிரித்த முகத்தோடு வந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. எங்கே போனீர்கள் என்று கேட்டதற்குக் காப்பி குடிக்கப் போனேன் என்றாராம். வீட்டில் காப்பி இல்லையா என்று அப்போது நானே முணுமுணுத்திருக்கிறேன்.

வருஷத் திதியன்று என் கணவரே போய் மாமாவை அழைத்துவந்தார். எல்லாருக்கும் முன்னால் நடந்ததைச் சொல்லி, மைக்கை அவர் கையில் கொடுத்தார். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார், அதை இன்று வரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். மாமா பன்னிரண்டு கண்ணியும் பாடினார். தெற்கு வயல் என்று திருத்தியும் பாடினார். முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பிள்ளைகள் பசியில் அழுதன, சமையல்காரர் வாசலில் நின்று கையைப் பிசைந்தார். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. ஒரு பாட்டை அர்த்தத்தோடு கேட்டுவிட்டால் அதற்கப்புறம் பிடித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மாமாவைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னபோது, கடைக்கு வந்த தெரிந்த பெண் ஒருத்தி "ஐயோ, எப்பம்?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை. மாமா இருக்கிறார். எழுபத்தொன்பது வயதாகிறது, காது மந்தம், தொண்டையில் பாதிதான் மிச்சம். காலண்டர் தாள் மட்டும் குறையவில்லை. ஒருவரைப் பற்றி எழுத அவர் சாக வேண்டும் என்று நமக்கு யார் சொன்னது? அவர் கேட்கிற நேரத்தில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் அந்த மத்தியானம் நான் திட்டினேனே தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இத்தனை நாளும் சொல்லவில்லை. அதனால் இதன் அடியில் இப்படி எழுதினேன்: "மாமா, உங்கள் பாட்டு எனக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை. ஆனால் நீங்கள் என் பெயரைக் காப்பாற்றினீர்கள். உங்கள் பெயர் நாறுவதை நான் பதினான்கு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துவிடுங்கள்."

நேற்றுக் காலை மாமா கடைக்கு வந்தபோது இதை வாசித்துக் காட்டினேன். காதுக்காகக் கத்தி வாசிக்க வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. நடுவில் நாலைந்து இடத்தில் மறித்தார். அவியல் ஆறியது அவரால் இல்லையாம், சமையல்காரன் சீக்கிரம் இறக்கியதால்தானாம். ரப்பர் பேண்டு போடாமல் அவர் ஒரு நாளும் வந்ததில்லையாம், அதைத்தான் நானும் எழுதியிருக்கிறேன் என்றேன். கடைசி வரிகளுக்கு வந்ததும் என் சத்தம் தானாக இறங்கிவிட்டது. ஒருவழியாக முடித்துவிட்டு நிமிர்ந்தேன். மாமா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"கடைசில என்னமோ சொன்னியே, கேக்கல. இன்னொரு மட்டம் வாசி" என்றார்.

கேட்டிருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வாசலில் நாலு பேர் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார்கள், ஒருவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கண்ணாடியைத் தட்டினார். கொஞ்சம் பொறுங்கள் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, அந்த நாலு வரியை மறுபடியும், இந்தத் தடவை நன்றாகச் சத்தமாக, வாசித்தேன்.